மருந்துச் சீட்டில் மண்பானை

தார்நாகாவில் மெட்ரோ ஏறிய அண்ணனும் தங்கையும் என் பக்கத்தில் நின்றார்கள்.

"அண்ணா, போன மாசம் ஒரு பேஷன்ட்டுக்கு மண்பானை எழுதிக் கொடுத்தேன்" என்றாள் தங்கை.

நான் போனிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"குடும்ப டாக்டர் படிப்புல இதுதான் ட்ரெய்னிங்கா?" என்று சிரித்தான் அண்ணன்.

"கேளேன். வீட்டு வேலை செய்யற ஒரு அம்மா. ஊசி தவறாம போட்டும் சுகர் குறையல. கால்ல புண்ணு, விரலை எடுக்கணும்னாங்க. ஒழுங்கா ஊசி போடறதில்லன்னு எல்லாரும் திட்டினோம், நானுந்தான். அப்புறம் பயிற்சிக்காக அவங்க வீட்டுக்கே போனேன். தகரக் கூரை, ஃப்ரிட்ஜ் கிடையாது. இன்சுலின் சூட்டுலயே கெட்டுப் போயிருக்கு."

"அய்யோ."

"மன்னிப்பு கேட்டேன். புது இன்சுலின் கொடுத்து, ஈரமணல் போட்ட பானைக்குள்ள வைக்கச் சொன்னேன். இப்ப சுகர் இறங்கிடுச்சு. புண்ணும் ஆறுது. விரலை எடுக்க வேண்டாமாம்."

அண்ணன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"அப்பா உன்னை ஸ்கேன் பார்க்கற படிப்புக்கு மாறச் சொல்றாரே, என்ன சொல்லட்டும்?"

"அந்தத் தெருவுல இன்னும் ஆறு வீட்டுல இன்சுலின் போடறாங்க. சனிக்கிழமை அங்க போறேன்."

பேகம்பேட்டில் கதவு திறந்தது.

"சரி, சனிக்கிழமை நீ போ. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான் அண்ணன்.