பெயர் மாறும் வழியில் நின்றுபோன குரல்கள்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, தோழர்களே! ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எல்லா மேடையிலும் சொல்லிவிடுகிறோம். இந்த முறை அது மெய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் நம் நிரல் நூலகத்தின் தலைமை நிரலாளர், நாமெல்லாம் சட்டாம்பிள்ளை என்று அழைத்த பெருமகனார், போய்விட்டார். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குரல், ஒவ்வொரு குரலும் நூலகத்தில் தனியாகச் செருகும் ஒரு சிறு நிரல், செருகுநிரல். குரல் கோப்புக்கு என்ன பெயரோ, அதை வைக்கும் கோப்புறைக்கும் அதே பெயர்: இது அவர் போட்ட விதி. பெயர் பிசகினால் நூலகம் பிழை என்றுகூடச் சொல்லாது. பேசாமல் இருந்துவிடும்.

"பேரை அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்று யாராவது இழுத்தால், "பொறந்த குழந்தைய வாசல்ல விட்டுட்டு அப்புறம் கூப்பிட்டுக்குவியா?" என்பார். அடுப்படி டப்பாவில் ஒட்டிய பெயர் ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றும் ஆனால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று அண்ணி சொல்லுவார்கள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான்.

அப்படிப்பட்டவர் தன் விதியை ஏன் தானே மாற்றினார்? அதோ அமர்ந்திருக்கிறாரே, பார்வையற்ற ஆசிரியை, அவருக்காக. "ஒரே ஆம்பளைக் குரலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு சார்" என்றார் டீச்சர். ஒரு மொழிக்குப் பல குரல் வேண்டுமென்றால் கோப்புறைகளையே புதிதாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைக்க வேண்டும். ஆரம்பித்தார். பாதிக் குரல்கள் புதிய பெயருக்கு வந்தன. மீதியைத் தொடுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

நூலகத்தின் விதியைப் பழையபடி திருப்பினோம்; பெயர் மாறிய குரல்கள் ஊமையாயின. புதியபடி விட்டோம்; மாறாதவை ஊமையாயின. இரண்டு பெயரையும் தேடச் சொன்னோம். ஒரே வரியை இரண்டு குரல் சேர்ந்து வாசிக்கிறது, ஒரு சொல் விளங்கவில்லை. அவர் மனதில் எந்தக் குரலுக்கு எந்த இடம்? யாரைக் கேட்பது? தொலைபேசியை எடுத்து அவர் எண்ணையே அழுத்திவிட்டேன். அண்ணிதான் எடுத்தார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறத்தான் என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறீர்கள். தொடர்வோம். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இரங்கல் தீர்மானத்தை நேற்றே எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். டீச்சரின் கணினி அதை வாசிக்கவில்லை. ஆகவே நானே வாசிக்கிறேன். டீச்சர், இதுவும் ஆம்பளைக் குரல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வரி புரியவில்லையோ, அங்கே கையைத் தூக்குங்கள். நிறுத்தி, திரும்ப வாசிக்கிறேன்.