டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சந்தனம்

“கார் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு உள்ளுக்கையுமோ பொட்டு வைச்சனீங்கள்?”

நகரின் புறப்பகுதியான பிரான்காச்சோவிலிருந்து வந்த பஸ்ஸில் இப்படிக் கேட்ட மெக்கானிக்கின் கழுத்தில் சிலுவை தொங்கியது. பக்கத்திலிருந்த பெரியவரின் நெற்றியில் திருநீறு.

“ஓம் தம்பி. புதுச் சாமானைச் சந்தனம் வைக்காமல் பூட்டுறதே?”

“ஒருக்காத்தானே வைச்சனீங்கள்?”

“திறக்கிற ஒவ்வொரு முறையும்.”

“பிளக் மாத்தினீங்கள், கொயில் மாத்தினீங்கள், பற்றறியும் மாத்தினீங்கள். ஸ்பார்க் இல்லை, ஸ்பார்க் இல்லையெண்டு ஒரு கிழமையாய் என்ரை உயிரை எடுக்கிறீங்கள். இதை மட்டும் சொல்லேல்லை!”

“சாமி விசயத்தை ஏன் பழுதோடை சேர்ப்பான்?”

“அண்ணை, கறண்டைப் பிளக்குகளுக்குப் பிரிச்சு விடுறதே அந்த மூடிதான். உள்ளுக்கை ஈரச் சந்தனம் இருந்தால் கறண்ட் அதாலை கண்டபாட்டுக்கு ஓடிவிடும்.”

“உங்கடை பாதரும் காருக்குத் தீர்த்தம் தெளிக்கிறவர்தானே?”

“அவர் பொனற்றைத் திறக்கிறேல்லை.”



“நாளைக்குக் காலமை என்ரை முதலாளி சின்யோராவை நாப்போலிக்குப் போற கப்பலுக்குக் கொண்டுபோய் விடோணும். கார் ஸ்ரார்ட் வராட்டி என்ரை வேலை போச்சுது.”

“அப்ப இண்டைக்கே மூடியைக் கழட்டி, வடிவாய்த் துடைச்சு, காய விட்டுப் பூட்டுங்கோ. ஈரம்தான் பிரச்சினை.”

“ஈரம் மட்டும்தானே?”

“ஓம், ஈரம் மட்டும்தான்.”

ஸ்தாசியோனே, ரயில் நிலையம், வந்துவிட்டது. பெரியவர் முகம் தெளிந்து எழுந்தார்.

“அப்ப பயமில்லை. திருநீறு காய்ஞ்சதுதானே, தம்பி.”