ஐந்து மணி வரைக்கும்

ஊதாச் சேலையா, பச்சைச் சேலையா? வாக்குப்பதிவு நாள் காலையில் என் மனசுக்குள் ஓடியது அது ஒன்றுதான். ஊதாவைக் கட்டினேன். மார்கழிக் குளிருக்கு அதுதான் தடிப்பு.

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு வந்திருந்தது. புருஷன் விட்டுப் போன பிறகு ஒன்பது வருஷமாக அப்பா வீட்டுச் சோறு தின்றவள் நான். அவருக்குப் பிறகு வீடும் காடும் தம்பி தனபாலுக்கு. எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது வேண்டியிருந்தது. தேர்தலில் நின்றேன். அப்பாதான் பங்காளி வீடுகளில் ஒவ்வொரு படியாக ஏறினார். "எம்புள்ளைக்குப் போடுங்க சாமி." எழுபது ஓட்டு. அவை இல்லாமல் நான் இல்லை.

ஏழு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, மூச்சு முட்டுது. ஆளுகளக் கூப்புடு."

எங்கள் பக்கம் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால், தோள் மாற்றிக்கொள்ளப் பங்காளிகள் அத்தனை பேரும் கூடவே போவார்கள். ரோடு வரைக்கும் கட்டிலில் சுமக்க வேண்டும், பிறகு வண்டியில் காரவள்ளிக்கு மலை இறக்கம். திரும்பி வர இருட்டிவிடும். எழுபது ஓட்டும் அப்பாவோடு மலையிறங்கிவிடும்.

"கொஞ்ச நேரம் படுங்கப்பா" என்றேன். சுக்குக் காபி கொடுத்தேன். போர்வை போர்த்தினேன். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தேன். பிறகு வெளியே பூட்டினேன். எங்களுடையது காட்டுக்குள் தனி வீடு.

ஓட்டுப் போட வரிசையில் நின்ற வேலம்மாள் அத்தை கிண்டினாள். "ஏன்டி வனிதா, மொத ஓட்டு என்னுதுன்னு குதிச்சாரே உங்கொப்பன், ஆளையே காணோம்? எதிராளிக்குப் போட்டுருவாருன்னு கட்டி வெச்சிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தூங்கறாருங்க அத்தை. பொறவு வருவாரு."

மத்தியானம் திருப்பூர் பஸ்ஸிலிருந்து நேராக வந்த தனபாலிடமும் அதையேதான் சொன்னேன். அவனும் எனக்கு ஓட்டுப் போட்டான்.

ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. போய்க் கதவைத் திறந்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். பங்காளிகள் ஒருவர் விடாமல் வந்தார்கள். பதினொரு ஓட்டில் ஜெயித்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் தனபால் அந்தச் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"கதவுக்கு உள்பக்கம் இது இடிச்ச தடம் இருக்குதுக்கா."

மறைக்கவில்லை. கதவைத் திறந்தபோது அப்பா நிலைப்படியோரம் கிடந்ததையும், ஆட்கள் வருமுன் அவரைக் கட்டிலுக்குத் தூக்கியதையும் சொன்னேன். மூன்று மணிக்கு ஒருமுறை நான் வீட்டுக்கு வந்ததையும் சொன்னேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். வரிசையில் இன்னும் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். திரும்பிப் போய்விட்டேன்.

தனபால் சொம்பை என் பக்கம் தள்ளினான்.

"பதவி வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டு எறங்கிரு அக்கா. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல."

சொம்பை எடுத்துப் பார்த்தேன். ஒடுக்கு எடுத்தால் இன்னும் பல வருஷம் வரும்.

"மாட்டேன் சாமி" என்றேன். "ஊடு ஊடாக் கேட்டு அப்பா வாங்கிக் குடுத்தது. உட்டுட்டா அவரு மனசு நோகும்."