உத்திரத்து வண்டு

ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெட்டிக்குப் போகிற டிராமில், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த புருஷனிடம் வெடித்தாள்.

“குளவிக்கும் வண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?”

“குளவி கூடு கட்டினா வீட்டுல தொட்டில் ஆடும்னு சொல்வாங்கல்ல? சந்தோஷத்துல அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

“குளவிக்கு இடுப்பு நூலு மாதிரி இருக்கும். மண்ணுல கூடு கட்டும். இது குண்டு வண்டு, முதுகெல்லாம் மஞ்சள் மயிரு. உத்திரத்தைக் குடைஞ்சுல்ல உள்ள போகுது! தினமும் மரத்தூளைக் கூட்டுறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“மெதுவாப் பேசுடி, பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! உங்க அக்கா காய் வாங்கப் போன பாசார் முழுக்க நான் முழுகாம இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. காலையில காய்க்காரம்மா மாங்காயைக் கையில திணிச்சு, காசு வேணாம்னுட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

புருஷன், “வீட்டுக்குப் போனதும் அந்த ஓட்டையைத் தார் வச்சு அடைச்சுடுறேன்” என்றான்.

“தொட்டீங்க, கையை முறிச்சுடுவேன்” என்றாள். “உள்ள அது புள்ளை வச்சிருக்கு.”