பேசாதவர்கள் பட்டியல்

வகுப்பு எடுக்கிறவர்களுக்கு முதலில் கெடுவது தொண்டைதான். பதினொரு வருடத்தில் எனக்கு இரண்டு முறை குரலே போய்விட்டது. அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். நீங்கள் எழுதிக்கொள்ளவும் அது வசதியாக இருக்கும்.

எங்களுடையது பெரிய சலவை நிலையம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைக்கிற கூடம், இஸ்திரிக் கூடம், மடிக்கிற கூடம் என்று மூன்று. இஸ்திரிக் கூடத்தில் கொதிக்கிற உருளைகள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். நீராவியில் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது.

புதிதாகச் சேரும் பெண்களுக்கும், தனியாகச் சூப்பர்வைசர்களுக்கும், வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுப்பது எப்படி என்று சொல்லித்தருவது என் வேலை. நல்ல வகுப்பு அது. சட்டத்தை ஒப்பிக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. “வேலை சொல்லிக் குடுக்கறேன்னு தோள்ல கை வெக்கறாங்களே, வேலை கத்துக்க வேண்டியது நீங்களா, உங்க தோளா?” என்பேன். அறையே சிரிக்கும். சிரித்து ஓய்ந்ததும் சொல்வேன்: ஏதாவது நடந்தால் தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள், நான்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள், எழுதியதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வாருங்கள். டீச்சரக்கா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

இஸ்திரிக் கூடத்துச் சூப்பர்வைசர் என் வகுப்பில் எப்போதும் முதல் வரிசை. குறிப்பெடுத்துக்கொள்வார். சாட்சி இல்லாவிட்டாலும் புகார் நிற்குமா என்று ஒரு முறை கேட்டார். நிற்கும், ஆனால் பெண் உறுதியாகப் பேச வேண்டியிருக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அவ்வளவு கவனமாகக் கேட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவர்மேல் முதல் புகார் வந்தபோது முறைப்படி எல்லாம் செய்தேன். அதைப் பதிவுகளில் நீங்கள் பார்க்கலாம். புகார் கொடுத்தவள் கணீரென்று பேசுகிறவள். விசாரணை ஐந்து மாதம் நடந்தது. செய்தி வெளியே போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரி துணி அனுப்புவதை நிறுத்தியது. கடைசியில் அவள்தான் வேலையை விட்டுப் போனாள். அவர் மூன்று மாதம் கிடங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் இருந்தால் கூடத்தில் ஒரு விரிப்பு தேங்காது; அதனால் திரும்பி வந்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. “இன்னொரு புகார் வந்துச்சுன்னா இந்த கிளாஸ் எதுக்கு, நீங்க எதுக்குன்னு மேல கேப்பாங்கம்மா. அது வராம பாத்துக்கறதுதானே உங்க வேலை?” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு சம்பவத்தைச் சொல்லி, உங்களுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். சிலர் பட்டென்று பதில் சொல்வார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றியே காட்டினாள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். யாருக்கு எந்தக் கூடம் என்று எழுதித்தருவதும் நான்தான்; பதில் சொன்னவர்களை மடிக்கிற கூடத்துக்கு அனுப்பினேன். குனிந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அவர்கள் இஸ்திரிக் கூடத்துக்குப் போனார்கள். வாய் திறக்காதவர்களைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமே இல்லை. சின்ன வயதில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதன் பிறகு நான்கு வருடம் ஒரு புகாரும் இல்லை. பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். என் மகள் படிப்பை முடித்திருந்தாள். இங்கேயே சேர்த்துவிடலாமே என்று மேனேஜர் கேட்டார். அவளுக்கு நீராவி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன்.

மைனா வந்தது ஐந்தாம் வருடம். அது கூடத்துப் பெண்கள் வைத்த பெயர். வகுப்பில் அவள் முறை வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். புள்ளி வைத்தேன். அவளுக்குப் பேச்சு திக்கும் என்பது எனக்குத் தெரியாது. பாடினால் திக்காதாம், சாப்பாட்டு இடைவேளையில் பாடுவாளாம். அதனால்தான் மைனா. பயந்த பெண் இல்லை அவள். நான் தப்பாகக் கணித்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் என் அறைக்கு வந்தாள். கையில் பள்ளிக்கூடத்து நோட்டு. பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார். எழுத்து அவ்வளவு அழகு. அடித்தல் திருத்தல் இல்லை. முழுவதும் படித்தேன். என்ன எழுதியிருந்தாள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவள் எழுதியதை அவள்தான் சொல்ல வேண்டும்.

“நீ... நீங்க சொன்ன மா... மாதிரியே எழுதிருக்கேன் டீச்சரக்கா,” என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நீ செய்தது ரொம்பச் சரி என்றேன். பிறகு விசாரணை எப்படி இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசரும் எதிரே இருப்பார். நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும். “எங்க, என்னையே அந்த ஆறு பேர்னு நெனச்சுக்கோ. முதல் பக்கத்தை மட்டும் சொல்லு பாப்போம்.”

முயன்றாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் குறுக்கே பேசவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இடைவேளை முடிகிற மணி அடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல் வரவில்லை.

“இப்ப நீயே முடிவு பண்ணிக்கோம்மா,” என்றேன். நோட்டை என்னிடமே வைத்துவிட்டுப் போ, வெளியே யார் கண்ணிலாவது பட்டால் உனக்குத்தான் கஷ்டம் என்றும் சொன்னேன். கொடுத்தாள். நன்றி என்பதற்காகக் கையைக் கூப்பிவிட்டு, திரும்பவும் இஸ்திரிக் கூடத்துக்குப் போனாள்.

எழுத்து மூலமாகவே சாட்சி சொல்லலாம் என்று விதி இருக்கிறது. என் பாடத்தில் பன்னிரண்டாம் பக்கம். முன்பெல்லாம் வகுப்புக்கு வகுப்பு நான்தான் படித்துக் காட்டுவேன். அன்றைக்கு மைனாவிடம் சொல்ல நேரம் போதாமல் விட்டுப்போயிற்று என்று, நீங்கள் என்னை முதல் தடவை விசாரித்தபோது சொன்னேன். அது உண்மையில்லை.

பதினாறு நாள் கழித்து அது நடந்தது. உருளையின் மறுமுனையில் விரிப்பைப் பிடித்திருந்த பெண் உங்களிடம் சொல்லியிருப்பாள். சூப்பர்வைசர் மைனாவுக்குப் பின்னால் வந்து நெருங்கி நின்றார். அவள் உடம்பை முறுக்கி விலகப் பார்த்தாள். விரிப்போடு கையும் உள்ளே போய்விட்டது. நிறுத்துகிற கம்பி அவர் நின்ற பக்கம்தான் இருந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அந்தப் பெண்தான் உருளையைச் சுற்றி ஓடிவந்து கம்பியை இழுத்தாள். மைனா கத்தவே இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது என்றாள்.

வலது கை. மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்து அறிக்கையை எழுதியது நான். ‘முறையாகப் பயிற்சி பெற்ற தொழிலாளி, கவனக்குறைவு.’ கீழே என் கையெழுத்து.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் படுக்கையில் எங்கள் நிலையத்தில் வெளுத்த விரிப்புதான் விரித்திருந்தது. அவளுடைய அம்மா எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். “ஆபீஸ்லேர்ந்து நீங்க ஒருத்தர்தாம்மா வந்து பாத்தீங்க. டீச்சரக்கா டீச்சரக்கான்னு உங்க பேச்சுதான் வீட்ல. உங்க கிளாஸ்ல எழுதிக்கிட்டத என்னைய எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுவா,” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை நீட்டி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினாள். மூன்றே எழுத்து. ‘நோட்டு.’

பத்திரமாக இருக்கிறது என்றேன்.

இல்லை. அவள் கொடுத்த அன்று மாலையே, காகிதம் கிழிக்கிற இயந்திரத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்துவிட்டேன். பதினொரு பக்கமும் போக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அட்டை உள்ளே போகவில்லை. அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். உங்கள் ஆட்கள் கண்டெடுத்தது அதுதான்.

அந்தச் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் தெரியும். கிட்டத்தட்ட ஐந்து வருடத்தில் முப்பத்திரண்டு புள்ளிகள். மற்ற முப்பத்தொரு பேரும் என்னிடம் வந்ததில்லை. வரமாட்டார்கள் என்றுதான் அனுப்பினேன். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம், எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மைனா இடது கையால் எழுதப் பழகுகிறாளாம். எழுத்து இன்னும் சரியாக வரவில்லையாம். யாராவது தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தால் சீக்கிரம் வந்துவிடும். நான் போகலாமா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன். மைனாவுக்கு என்மேல் நம்பிக்கை அதிகம்.