திங்கட்கிழமைத் தண்ணீர்

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சின்ன வயதில் பரீட்சைத்தாள் நனைந்துவிடாமல் இருக்கக் கைக்குட்டையை அடியில் விரித்துக்கொண்டுதான் எழுதுவேன். இந்தத் தாளும் ஈரமாகியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக் குழுவுக்குத் தாணுமாலயன் எழுதுவது. சொந்த ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரத்தில் இந்தப் பாக்டீரியா ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளன். எல்லாருடைய சோதனைக்குமான சுத்தத் தண்ணீரை மருந்து கலந்து, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் வேகவைத்து, திங்கட்கிழமைதோறும் பாட்டில்களில் ஊற்றித் தருபவன் நான்தான்.

ஆர்.என்.ஏ. என்பது செல் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் துண்டுச்சீட்டு. பாக்டீரியா அதை இரண்டு மூன்று நிமிடங்களில் கிழித்துவிடும். எதைக் கிழிப்பது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. அப்படிக் கிழிக்கிற நொதி நம் விரல் வியர்வையிலும் உண்டு. கொதிக்க வைத்தாலும் சாகாது. அதனால் ஆர்.என்.ஏ. வேலை நடக்கும் மேசையைக் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

'மடி மேசை' என்று அதற்குப் பெயர் வைத்தவள் திவ்யலட்சுமி. கரமனை அக்கிரகாரத்துப் பெண், ஆய்வு மாணவி. அவர்கள் வீட்டில் மடியாக இருப்பவர்களை யாரும் தொடமாட்டார்களாம்.

பதினொரு வருடத்துக்கு முன் என் பெயரும் சேர்ந்து ஒரே ஒரு கட்டுரை வந்தது. பட்டினி கிடக்கும் பாக்டீரியா ஒரு குறிப்பிட்ட சீட்டை உடனே கிழித்துவிடும் என்பது அதன் முடிவு. போன வருடம், தொண்ணூற்றொன்பது அக்டோபரில், கிழிப்பதில்லை, பத்திரப்படுத்துகிறது என்று திவ்யா கண்டாள். சீட்டு கிழியாமல் இருந்தால் எக்ஸ்ரே படத்தில் ஒரு கோடாக விழும்; அவளுக்குக் கோடு அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. இன்னும் இரண்டு முறை அதே கோடு வந்தால் அவளுக்குப் பட்டம். மார்ச்சோடு அவள் ஆய்வுக்காலம் முடிகிறது.

"உங்க பேப்பர் தப்புன்னு சொல்லலே அண்ணா. சித்தே திருத்தறேன், அவ்வளவுதான்" என்று சிரித்தாள். எனக்கு வலித்தது. அதை மறைப்பதற்கில்லை.

அவசரப்படுகிறாள் என்று பட்டது. நிதானப்படுத்துவது மூத்தவன் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை, அவள் கிழக்கேகோட்டையில் பஸ் மாறி வந்து சேருமுன், அவளுடைய சோதனைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஆள்காட்டி விரலை முக்கினேன். நகம் அளவுக்குத்தான்.

அன்று கோடு, அழுத கண்ணின் மை மாதிரி வழிந்துகிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அவள் கையுறைப் பெட்டியை மாற்றினாள், கண்ணாடிச் சாமான்களைச் சுட்டு எடுத்தாள், உப்புகளைப் புதிதாக வரவழைத்தாள். ஒருநாள் என்னிடம் வந்து தயங்கி நின்றாள்.

"ஜலம் சரியா இருக்குமோ அண்ணா?"

"இருவத்திரண்டு வருசமா நான் காய்ச்சுற வெள்ளமாக்கும். அதிலயா சந்தேகம்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். மூத்தவர் தயாரித்ததைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் ஆய்வகத்தில் மரியாதைக் குறைவு. அதன்பின் தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள்.

நாள் முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவினாள், பிறகு ஸ்பிரிட். தோல் உரிந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் தேங்காயெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிப்ரவரியில், அந்த நொதியை எதுதான் கொல்லும் என்று கேட்டாள்.

"பீனாலுக்கு முன்னால எந்தப் புரதமும் நிக்காது. வெள்ளத்தில கலக்கி முக்கினா கைக்கு ஒண்ணும் வராது."

முதல் வாக்கியம் குடுவைக்குள் உண்மை. பீனால் தோலைத் தின்னும் என்பது அவளுக்கும் தெரியும்தான். ஆனால் அவள் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. நான் சொன்னால் நம்புவாள். கலக்கிக் கொடுத்ததும் நான்தான், கொஞ்சம் கெட்டியாகவே.

"எரியவே இல்லையே அண்ணா" என்று ஆச்சரியப்பட்டாள். பீனால் முதலில் மரத்துப்போக வைக்கும். நான் டீ குடிக்கப் போனேன். அரைமணி நேரம் கழித்து வந்தபோது பத்து விரலும் வெளுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் நான்கு விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "என் கைதான் சரியில்லே அண்ணா" என்றாள். நான் ஆரஞ்சை உரித்து ஊட்டினேன்.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் மிச்சமிருந்த பாட்டிலைச் சோதித்துவிட்டு, நேற்று உங்கள் அறிக்கையின் நகலைக் கொடுத்தீர்கள். மூன்றாம் பக்கத்தில், தாணுமாலயன் தண்ணீரைக் கவனக்குறைவாகத் தயாரித்ததால் சோதனைகள் கெட்டன என்று இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கெடுத்தது என் விரல். பதினாறு செவ்வாய்க்கிழமைகள், தெரிந்தே. பீனாலும் தெரிந்தே. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், என்ன தண்டனையும் கொடுங்கள். ஆனால் திங்கட்கிழமை என் கையிலிருந்து போன தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அந்த வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.