மேல் ஜன்னலுக்கு ஒரு பலகை

ஹீட்டர் வாங்குவதில் அவசரப்படக் கூடாது, சார். நான் நாலு கடை ஏறி இறங்கினேன். கரன்ட் ஹீட்டரை எடுக்கச் சொல்லிக் கடைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். அதில் ஒரு வாளி நிறைந்ததும் பச்சைத் தண்ணீர் வர ஆரம்பித்துவிடும். அக்காவுக்கோ போதும் போதும் என்கிற அளவுக்குச் சுடச்சுட ஊற்றிக்கொள்ள வேண்டும். அதனால் கேஸ் ஹீட்டர் எடுத்தேன். அக்கறை இல்லாதவன் இவ்வளவு யோசிப்பானா?

அதை மாட்ட வந்த பிளம்பரைத்தான் இப்போது பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். வெளிச்சுவரில் மாட்டலாம் என்றுதான் சொன்னார். சாரல் அடிக்கும் என்று நான்தான் குளியலறைக்குள் மாட்டச் சொன்னேன். அப்படியானால் மேல் ஜன்னல் கண்ணாடி இருக்கக் கூடாது என்று பிடிவாதமாகக் கழற்றினார்.

"இதை மட்டும் மூடிராதீங்க சார். கேஸ் எரியுற புகை உள்ளயே தங்கினா ஆள் மயங்கிடுவாங்க. வாசனைகூட வராது."

அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே அக்கா புலம்பினாள். "டேய், முதுகுல காத்து ஊசியா குத்துதுடா." பழைய அலமாரித் தட்டு ஒன்றை ஜன்னல் அளவுக்கு அறுத்தேன். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பின்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, வெளியிலிருந்து பொருத்தினேன். ஒரு குளியலுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? குளித்துவிட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். டாக்டர் பிரஷர் என்றார், பயணம் கூடாது என்றார்.

அந்த வாரம்தான் அக்காவின் மகள் அவளைத் தன் வீட்டோடு அழைத்துப்போவதாக இருந்தது. அது தள்ளிப்போனது.

அத்தான் போன பிறகு அக்கா என்னிடம் வந்தவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் கூட்டினாலும் குற்றம், துடைத்தாலும் குற்றம் என்று நாள் முழுக்க நச்சரிப்பாள். அந்த நச்சரிப்பு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள்.

பிறகு மகள் தேதி குறித்தபோதெல்லாம் பலகையை மாட்டினேன். மற்ற நாளில் அது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். "இன்னைக்குத்தான்டா நடுங்காம குளிச்சேன்" என்று அக்கா சொல்லுவாள், சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள். கஞ்சி வைத்துக் கொடுப்பேன், கால் பிடித்துவிடுவேன். மகள் போனில் அழுவாள். "நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா கதி என்ன மாமா?" எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கடைசித் தடவை அவள் தேதி சொல்லவில்லை. காரில் வந்துகொண்டே போன் செய்தாள். பார்த்தால் அக்காவின் பெட்டி தயாராக இருக்கிறது. எப்போது கட்டி வைத்தாளோ, என்னிடம் மூச்சு விடவில்லை.

"தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன். அந்த ஸ்டூலைப் பின்பக்கமே போட்டு வைக்கிறியே, நனையுதுல்ல? உள்ள எடுத்துப் போடுடா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

தலைக்கு ஊற்றினால் நேரமாகும். எனக்குத் தெரியும். பலகையைப் பொருத்திவிட்டு ஸ்டூல்மேலேயே நின்றேன். உள்ளே சொம்பு விழுந்தது. அப்புறம் கதவைத் தட்டினாள்.

"தம்பி, கதவைத் தள்ளுடா. என்னால முடியலடா."

அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. எப்போதும் டேய்தான். என் கை பலகைமேல்தான் இருந்தது. இழுத்தால் வந்துவிடும். ஆனால் எடுத்துவிட்டால் அக்கா தெளிந்துவிடுவாள், காரும் பக்கத்தில் வந்துவிட்டது. தட்டுவது நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்திருந்தேன். அதற்கப்புறம்தான் எடுத்தேன். திறந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஆட்கள் ஹீட்டரைக் குறை சொல்கிறார்கள். பலகை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பிளம்பரை அனுப்பிவிடுங்கள்.

அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சார். தலை ஈரமாக இருக்குமே, இப்போது பலகையை எடுத்தால் அக்காவுக்குக் குளிருமே என்றுதான் நினைத்தேன்.